வெள்ளையை விட்டுவைத்தேன்

கிராந்த் ஷலூப்பில் பேருந்து என்னை உதிர்த்துப் போனபோது
மணி ஏழரை.
மடக்கு நாற்காலி, பலகை, பதினோரு வண்ணக்கட்டிகள்,
அணில்முடித் தூரிகை ஒன்று.
தண்ணீர்ப் புட்டி மட்டும்
சேன்-தெனி வீட்டில், அடுப்புமேடை மேல்.

ஓடையில் உருண்டைக் கற்கள் தவிர ஒன்றுமில்லை.
ஜாம் குப்பியில் கடலை மொண்டு வந்தேன்.
உப்புத் தண்ணீரில் வண்ணம் கரைக்கக் கூடாதென்று
யாரும் சொன்னதில்லை,
நானும் கேட்டதில்லை.

லாசரெத் என்கிறார்கள் இதை.
கப்பலில் வந்தவர்களைக் காய்ச்சல் தீரும்வரை
தனியே வைத்திருந்த கல்கட்டடம்.
என் காரைக்கால் பக்கத்து ஆட்களும்
இருந்திருப்பார்கள்.
அதை வரைய வரவில்லை நான்.
ஆஸ்பத்திரி இரவுப்பணி முடிந்து
யாருடைய காரிலோ தூங்கி விழுந்துகொண்டு போனபோது
இந்தச் சுவரில் வெயில் சாய்ந்திருந்தது,
தலையணையில் ஒருக்களித்தாற்போல.
அதற்காக வந்தேன்.

எரிமலைக் கல் கறுப்பு என்பது தூரத்துப் பேச்சு.
பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்:
கத்தரிக்காய்த் தோல்,
ஈரச் சாம்பல்,
கருப்பட்டி உடைந்த இடத்துப் பழுப்பு,
ஜன்னலுக்குக் கீழே ஓரிடத்தில், சத்தியமாய், ரோஜா.
கறுப்புக் கட்டியைப் பெட்டியிலேயே விட்டேன்.
நீலத்தில் காவி குழைத்தால் வரும் இருட்டு போதும்.
அதற்குள் மூச்சுவிடலாம்.

வெள்ளை என்றொரு கட்டியே என்னிடம் இல்லை.
வெளிச்சம் வேண்டுமென்றால்
தாளைத் தொடாமல் இருக்க வேண்டும்.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓடும் சுண்ணாம்பு
நான் வரையாதது.
அதைச் சுற்றி வரைந்தே
கழுத்து வலித்தது.

ஒரு பூச்சு காயாமல் அடுத்ததை வைத்தால் சேறு.
காத்திருந்தேன்.
கடல்காற்றில் எதுவும் சட்டென்று காய்வதில்லை.
மரத்தடியில் ஒரு குடும்பம் விறகு மூட்டிக்
கோழிக் குழம்பு கொதிக்க வைத்தது.
மஞ்சள் வாசனை வந்து
நான் வைத்த ஒரே பச்சையைக் கொஞ்சம் கெடுத்தது.
வாசலோரக் கல்லில், கீழே, தடித்த பாசி.
இந்தக் கட்டடத்திலேயே மூத்த கல் அதுதான் என்று
எனக்குள் தீர்மானம்.
ஒரு மணி நேரம் அதற்கே கொடுத்தேன்,
காய்ச்சல்காரர் நெற்றிக்குத் துணி வைப்பதுபோல்
ஒற்றி ஒற்றி.

"அது என் கல்."

திரும்பினேன். கையில் குழம்புத் தட்டோடு ஓர் ஆள்.
எட்டியேன் கருப்பாய். கொத்தனார்.
போன வருஷத்துக்கு முந்தின ஆகஸ்டில்
அவர் செதுக்கி வைத்த கல்லாம்.
பாசி?
"தயிர். தயிர் பூசினால் சீக்கிரம் பிடிக்கும்.
எங்கள் வீட்டுத் தயிர்தான்."

சிரிப்பதா, தாளைக் கிழிப்பதா தெரியவில்லை.
தட்டை என்னிடம் நீட்டினார்.
சாப்பிட்டேன்.

என் பெயருக்கு உங்கள் பாஷையில் அர்த்தம் உண்டாமே, என்றார்.
கருப்பாயி என்று ஒரு பெண்ணை
எந்த எழுத்தரோ பிரெஞ்சில் எழுதியதன் மிச்சமாக இருக்கலாம்.
அவ்வளவையும் சொல்ல என் பிரெஞ்சு போதாது.
பெட்டியைத் திறந்து
தொடாத கட்டியைக் காட்டினேன்.
குனிந்து பார்த்தார்.
"புதுசாவே இருக்கே."
அவர் விரலை நனைத்து அதில் ஒருமுறை தேய்த்து
படத்தின் அடியில், வலது மூலையில்,
கேட்காமலே வைத்தார்.
கொத்தனார் விரல். ரேகை தெளிவாகவே விழுந்தது.

சாயங்காலம்தான் உப்பு வேலை செய்தது.
காய்ந்த கல்லின்மேல் நான் வைக்காத புள்ளிகள்,
பொரிப்பொரியாய், வெளிறி.
பாழாகிவிட்டதென்றுதான் முதலில் நினைத்தேன்.
அப்புறம் எதிரே இருந்த சுவரைப் பார்த்தேன்.

ஜனவரியில் புயல் எச்சரிக்கை வந்து
கதவு ஜன்னலெல்லாம் அடைத்துக் கிடக்கும் நாட்களில்
கூடத்தில் மாட்டிய படம் வியர்க்கிறது.
கல் கல்லாக, பொடிப்பொடி முத்து.
பாசி வைத்த கல்லில்தான் முதலில்.
கண்ணாடி போட்டுவிடு என்கிறாள் பக்கத்து வீட்டு மரிலீன்.
போடவில்லை.
பஞ்சால் ஒற்றிவிட்டு
வேலைக்குக் கிளம்புகிறேன்.